அலமேலுவுக்குள் ஒருத்தி

அலமேலு பால் பாயசம் குடித்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. டாக்டர் கவிநிலாவுக்கு அதுதான் விளங்கவில்லை.

"எவ்வளவு குடிச்சா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"முழு டம்ளருங்க டாக்டர்." அலமேலுவின் அப்பா பிரணவ், அவசர ஊசியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தான். "சிங்காநல்லூர்ல ஒரு கிரகப்பிரவேசமுங்க. இவளுக்குன்னு கொண்டுபோன டப்பாவோட தனியாத்தான் உக்கார வெச்சிருந்தேன். கை கழுவிட்டு வர்றதுக்குள்ள பக்கத்து இலைல இருந்த டம்ளரை எடுத்து வாயில கவுத்துட்டாளுங்க. ஊசியைக் குத்தலாம்னு போனா, 'எதுக்குப்பா?'ன்னு கேக்கறாளுங்க. குத்தாம அப்படியே தூக்கிட்டு ஓடியாந்துட்டேனுங்க."

கவிநிலா குழந்தையின் உதட்டைப் பார்த்தாள். வீங்கவில்லை. நாக்கு, தொண்டை, முதுகுத் தோல் எல்லாவற்றையும் பார்த்தாள். ஒரு தடிப்புகூட இல்லை. மூச்சில் விசில் சத்தம் இல்லை. ஐந்தரை வயது அலமேலு கட்டிலில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது, சோற்றில் விட்ட அரைச் சொட்டு நெய்க்கு உடம்பெல்லாம் நீலம் பாரித்து இதே கட்டிலில் கிடந்தவள் இவள்.

இரண்டு மணி நேரம் போயிற்று. நான்கு மணி நேரம் போயிற்று. அலமேலு ஒரு தூக்கம் போட்டு எழுந்து, வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

"எப்படிங்க டாக்டர்?" என்றான் பிரணவ். "பேழைப் புள்ளைக்கு விலகாதுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. நான்தான் சொன்னேன்," என்றாள் கவிநிலா.

பேழைகள் வந்து இருபது வருடம் ஆகிறது. வயிற்றில் சுமக்க முடியாத பெண்களுக்காக வந்தவை அவை. கண்ணாடிச் சுவரும் வெதுவெதுப்பான நீரும் கொண்ட அந்தப் பெட்டிகளில் கரு ஒன்பது மாதமும் வளர்ந்து குழந்தையாக வெளியே வரும். பிறகு சுமக்க விரும்பாதவர்களுக்கும் கிடைத்தன. கோவையில் மட்டும் நான்கு மையங்கள். குழந்தைகள் கொழுகொழுவென்றுதான் பிறந்தன. ஆனால் பத்தில் ஆறு பேருக்கு ஏதாவது ஓர் உணவு எமனாக இருந்தது. பால், முட்டை, நிலக்கடலை, கோதுமை, எள்.

வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்கும் இந்த ஒவ்வாமை வருவதுண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குப் பாலும் முட்டையும் பள்ளிக்கூடம் போகும் வயதில் தானாகவே ஒத்துக்கொண்டுவிடும். நிலக்கடலை கொஞ்சம் பிடிவாதம். சிலருக்கு மட்டுமே போகும். பேழைப் பிள்ளைகளுக்கு எதுவுமே போகவில்லை. வந்தது வந்தபடியே இருந்தது. அதனால் அவர்களுக்கென்று தனிப் பள்ளிகள் வந்தன. விசேஷ வீடுகளில் தனி மேசை, தனித் தட்டு, தனி டம்ளர். கோயில் பிரசாதத்தை நீட்டினால் பெற்றோர் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள். பேழைப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும் வீடுகள் பேழை வீடுகளிலேயே தேட ஆரம்பித்திருந்தன.

பன்னிரண்டு வருடம் முன்பு கவிநிலா ஒரு முயற்சி செய்தாள். சர்வேஷ் என்ற நான்கு வயதுப் பையனுக்கு, ரத்தப் பரிசோதனை சற்று நம்பிக்கை தந்ததால், தன் மேற்பார்வையில் அரைக் கரண்டி தயிர் கொடுத்துப் பார்த்தாள். மூன்று ஊசி போட்டும் பையன் பிழைக்கவில்லை. அதன்பின் அவள்தான் அரசுக்கு எழுதிக் கொடுத்தாள்: பேழைக் குழந்தைகளுக்குச் சோதனை உணவு கொடுக்கவே கூடாது. அது சட்டமாயிற்று. அந்தச் சட்டம் எத்தனையோ பேரைக் காப்பாற்றியது என்று நினைத்துத்தான் அவள் பன்னிரண்டு வருடமும் தூங்கினாள்.

இப்போது ஒரு டம்ளர் பாயசம் வந்து அதைக் கேள்வி கேட்டது.

அடுத்த வாரம் பிரணவிடம் அனுமதி வாங்கி, அலமேலுவுக்கு மிளகு அளவு கேமரா மாத்திரை ஒன்றை விழுங்கக் கொடுத்தார்கள். குடல் சுவருக்கு உள்ளே இருக்கும் உயிரணுக்களை அவை நடமாடும்போதே அது படம் எடுக்கும். ஆய்வகத்தில் ராயப்பன் அந்தப் படத்தைச் சுவர் முழுக்க விரித்துப் போட்டான். பதினைந்து வருடமாகக் கவிநிலாவோடு வேலை பார்ப்பவன். எதற்கும் வாயைப் பிளக்காதவன். அன்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றே பேசினான்.

"டாக்டர், இந்தப் பொண்ணுக்குள்ள வேற யாரோ இருக்காங்க."

"விளையாடாதீங்க ராயப்பன்."

"நடுவுல பாருங்க."

சுவரில் ஓர் உயிரணு நட்சத்திரம் போலக் கைகளை விரித்து அசையாமல் இருந்தது. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன உருண்டை அணுக்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் வந்து அதன் கையைத் தொட்டது, சற்று நேரம் ஒட்டிக்கொண்டு நின்றது, பிறகு விலகிப் போனது. வரும்போது சிவப்பாக இருந்தவை போகும்போது பச்சையாகப் போயின. சிவப்பு, சண்டைக்கு நிற்கும் அணுவுக்கு ராயப்பன் கொடுத்திருந்த நிறம். பச்சை, சண்டையை நிறுத்தும் அணுவுக்கு. ஆயிரக்கணக்கில் வந்தன, போயின. சத்தமே இல்லாமல் ஓர் ஊரே வந்து கலைந்து போவதைப் போல இருந்தது. கவிநிலா சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள்.

"அந்த நடு அணு இந்தக் குழந்தையோடது இல்ல," என்றான் ராயப்பன். "மரபணு வேற. லட்சத்துல ஒண்ணு இப்படி இருக்கு. ஒரு பொம்பளையோடது."

"அம்மாவோடதா இருக்கும். வயித்துல இருக்கறப்ப அம்மாவோட அணு பிள்ளைக்குள்ள போறது சகஜம்தானே. அதெல்லாம் பல வருஷம் உசிரோட இருக்கும்."

"இவ வயித்துல இருக்கவே இல்லையே டாக்டர்."

கவிநிலாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"பெத்தவங்க ரெண்டு பேரோடதையும் ஒப்பிட்டுப் பாத்துட்டேன்," என்றான் அவன். "பொருந்தல. யாரோ முன்னபின்ன தெரியாத அம்மா."

கவிநிலா மறுபடி சுவரைப் பார்த்தாள். பெற்றோருக்கு அவள் எப்போதும் ஒரே மாதிரிதான் விளக்குவாள். உடம்பு ஒரு வீடு. வாய் வழியாக வரும் சாப்பாட்டை விருந்தாளி என்று எடுத்துக்கொள்ளும். அதே சாப்பாடு, தோல் வெடிப்பு வழியாகத் துளித்துளியாக முதலில் நுழைந்துவிட்டால் திருடன் என்று குறித்துவைத்துக்கொள்ளும். பிறகு வாசல் வழியாக வந்தாலும் அடிக்கும். அந்த அடிதான் ஒவ்வாமை. அது எப்படி விலகுகிறது என்று கேட்டால், "காலம் போகப் போக உடம்பு கத்துக்கும்," என்பாள். யாரிடமிருந்து கற்றுக்கொள்ளும் என்று எவரும் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

கற்றுக்கொடுக்கிறவள் இதோ சுவரில் இருந்தாள். வாழ்நாள் முழுக்கப் பாலும் தயிரும் சாப்பிட்டுப் பழகிய யாரோ ஒருத்தியின் ஒரு துளி. வந்தவனையெல்லாம் தொட்டு, இவன் திருடன் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வாமைன்னு நம்மகிட்ட வந்த பேழைப் பிள்ளைங்க எத்தனை பேரோட ரத்தம் இருக்கு?" என்று கேட்டாள்.

"ரெண்டாயிரத்து முன்னூறு சொச்சம்."

"எல்லாத்தையும் பாருங்க."

ஆறு வாரம் ஆயிற்று. இரண்டாயிரத்து முன்னூறு பேரில் எட்டுப் பேரிடம் அந்தப் பெண் இருந்தாள். அதே பெண். எட்டுப் பேரும் ஒரே மையத்தில், நான்கு மாத இடைவெளிக்குள் பேழையிலிருந்து வெளியே வந்தவர்கள்.

கவிநிலா தான் எழுதிய சட்டத்திலிருந்து விலக்குக் கேட்டு தானே விண்ணப்பம் போட்டாள். அனுமதி வந்தது. சர்வேஷ் இறந்த அதே அறையில், அலமேலு தவிர்த்த மற்ற ஏழு பேரையும் ஒவ்வொருவராக உட்கார வைத்தாள். முதலில் அரிசி அளவு பால்கோவா. இருபது நிமிடம். பிறகு கால் கரண்டி. பிறகு ஒரு கரண்டி. ஒவ்வொரு தடவையும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை வியர்வையில் ஊசி இரண்டு தடவை நழுவியது.

ஏழு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசிக் குழந்தையின் அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். "எத்தனை வருஷமுங்க டாக்டர், இது விலகி?" என்று கேட்டாள். கவிநிலாவுக்குத் தெரியாது. ஒரு வருடமாக இருக்கலாம், இரண்டாக இருக்கலாம். அத்தனை நாளும் அந்தப் பிள்ளை தனி மேசையில் சும்மாவே உட்கார்ந்திருக்கிறது. உட்கார வைத்தது தன் கையெழுத்து.

அந்த மையத்தில் அந்த நான்கு மாதமும் வேலை பார்த்த பெண்கள் முப்பத்தொரு பேர். பேழையிலிருந்து எடுத்த குழந்தைகளை இருபது நாள் தொட்டில் அறையில் வைத்திருப்பார்கள். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. கிருமி நீக்கிய, பசும்பால் கலக்காத செயற்கைப் பால் மட்டும்தான், அதுவும் இயந்திரம் ஊட்டும். மீறுவது குற்றம். பணியாளர் பட்டியலைப் படித்துக்கொண்டு வந்த கவிநிலா ஒரு வரியில் நின்றாள். தன்ஷிகா, தொட்டில் அறை உதவியாளர். பிரசவ விடுப்பு ஆறு மாதம் கேட்டிருந்தாள். மூன்றாவது வாரமே வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

தன்ஷிகா இப்போது பொள்ளாச்சி வழித்தட பஸ் ஓட்டினாள். உக்கடம் பஸ் நிலையத்தில், பயணிகள் இறங்கிய வண்டியில், கவிநிலா அவளைப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை, ஒற்றைப் பின்னல். கவிநிலா தான் யார் என்று சொன்னதும் அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆறு வருசமா இதத்தானுங்க எதிர்பாத்துட்டு இருந்தேன்," என்றாள். "கேசுங்களா?"

"கேஸ் இல்ல. பேசணும்னு வந்தேன்."

"எத்தனை கொழந்தைங்க செத்துப்போச்சுங்க?"

கவிநிலாவுக்கு முதலில் புரியவில்லை. "யாரு செத்தா?"

"நான் பால் குடுத்த கொழந்தைங்க." தன்ஷிகா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "என்ற பையன் ஒம்பதே நாள்ல போயிட்டானுங்க. நெஞ்சுல கோளாறு. வீட்ல இருக்க முடியாம வேலைக்குப் போயிட்டேன். அங்க போனா இருபது தொட்டிலு. ஒண்ணு அழுதா போதும், தானா சுரந்து சட்டையெல்லாம் நனைஞ்சிருமுங்க. பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். ஒரு நாள் எடுத்து மார்ல வெச்சுட்டேன். எப்படிக் குடிச்சுதுன்றீங்க! அப்புறம் நிறுத்த முடியலைங்க. மொத்தம் பதினொரு கொழந்தைங்க."

"பதினொண்ணா? எட்டுன்னு நினைச்சேன்."

"பதினொண்ணுங்க. தொட்டில் நம்பரு அத்தனையும் ஞாபகம் இருக்கு." அவள் குரல் இறங்கியது. "ஆறு மாசம் கழிச்சு, ஒம்பதாம் தொட்டில் கொழந்தை பால் ஒத்துக்காம சாகப் பொழைக்கக் கெடக்குதுன்னு பேசிக்கிட்டாங்க. அடுத்து இன்னொண்ணு. பேழைக் கொழந்தைக்கெல்லாம் அப்படித்தான் வரும்னாங்க. எம் மனசு கேக்கலைங்க. என்ற புள்ளையே தங்கல, என்ற பால்ல என்ன விசம் இருந்துச்சோ, அதப் போயி ஊரான் புள்ளைக்கெல்லாம் குடுத்துப்போட்டேனேன்னு… அன்னைக்கே வேலைய விட்டுட்டேனுங்க."

பஸ்ஸில் ஏற வந்த ஒருவரிடம், "இன்னும் பத்து நிமிசம் ஆகுமுங்க," என்று சொல்லி அனுப்பினாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஐந்து வருடத்துக்கு மேலாக ஒரு பெண் இதைச் சுமந்துகொண்டு வண்டி ஓட்டியிருக்கிறாள். கவிநிலா எழுந்து போய் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடியின் மேல் உட்கார்ந்தாள்.

"தன்ஷிகா, நான் சொல்றத நல்லாக் கேளுங்க. அந்தப் பிள்ளைங்க யாரும் சாகல. பேழைப் பிள்ளைங்களுக்கு விலகவே விலகாதுன்னு நாங்க சட்டமே போட்டு வெச்சிருந்தோம். உங்க எட்டுப் பிள்ளைங்களுக்கும் விலகிடுச்சு. மத்த ரெண்டாயிரத்து முன்னூறு பேர்ல ஒருத்தருக்கும் விலகினதாத் தெரியல. உங்க பாலோட போன அணுங்கதான் உள்ள உக்காந்து அதுங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கு. இன்னும் கொடுத்துட்டிருக்கு. நான் கண்ணால பாத்தேன்."

"மீதி மூணு பேருங்க?"

"அவங்க எங்கிட்ட வரவே இல்ல. வர்றதுக்கு நோவே வந்திருக்காது."

தன்ஷிகா அவளை உற்றுப் பார்த்தாள். ஏமாற்றுகிறாளோ என்று தேடும் பார்வை. பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அன்று அந்த வண்டி அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் சுலபமாக நடக்கவில்லை. பெயரை மறைத்தே அறிக்கை எழுதுவதாகக் கவிநிலா சொன்னாள். "மறைச்சா யாருங்க நம்புவாங்க? எழுதுங்க," என்றாள் தன்ஷிகா. விசாரணை வந்தது. பதினொரு குடும்பங்களுக்கும் விஷயம் சொல்லப்பட்டது. மீதி மூன்று பேரையும் தேடிக் கண்டுபிடித்தபோது கவிநிலா சொன்னபடியே இருந்தது. நிலக்கடலை முதல் எள்ளுருண்டை வரை எல்லாம் தின்று வளர்ந்த பிள்ளைகள். ஒரு தகப்பன் மட்டும் ஆத்திரப்பட்டுப் போலீசில் புகார் கொடுத்தார். தன் மகளின் உடம்பில் ஊர் பேர் தெரியாதவளின் அணு ஓடுவதா, அதை எடுத்துப் போட வழி உண்டா என்று கேட்டார். "எடுக்கலாம். எடுத்தா பால் மறுபடி விஷமாகலாம்," என்றாள் கவிநிலா. அவர் எழுந்து போனார். புகாரைத் திரும்பப் பெறவில்லை. வழக்கு எட்டு மாதம் நடந்து, தன்ஷிகாவுக்கு ஓர் எச்சரிக்கையோடு முடிந்தது. அடுத்த மாதமே தொட்டில் அறை விதிகள் மாறின. மனமுவந்து வரும் தாய்மார்களின் பாலைப் பேழைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்றது புதிய ஆணை. ஏற்கெனவே வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு என்ன வழி என்று யாருக்கும் தெரியவில்லை. அதைத்தான் ராயப்பன் தேடிக்கொண்டிருந்தான்.

அப்படித் தேடும்போதுதான் ஒரு நாள் காலை, கவிநிலா கைப்பையைக்கூட வைக்காத நேரத்தில், அவளை ஆய்வகத்துக்கு இழுத்துப் போனான்.

"இதுவரைக்கும் பெரிய கண்ணுள்ள சல்லடையில சலிச்சிருக்கோம் டாக்டர். எல்லாம் ஒரே ஆளுன்னு நினைச்சோம். போன வாரம் நுணுக்கமாப் பாத்தேன். தன்ஷிகாவோட அணு அந்தப் பிள்ளைங்ககிட்ட இருக்கு, வாஸ்தவம். ஆனா அது சும்மா ஓரமாத்தான் இருக்கு. நடுவுல உக்காந்து கத்துக்கொடுக்கிற நட்சத்திரம் இருக்கே, அது அவங்களோடது இல்ல. பாதிதான் அவங்களோடது."

"பாதின்னா?"

"மீதிப் பாதி ஓர் ஆம்பளையோடது. அவங்க வீட்டுக்காரரோட ரத்தம் வாங்கி ஒப்பிட்டுட்டேன். பொருந்துது."

தாயின் அணு பிள்ளைக்குள் போவது போலவே, வயிற்றில் இருக்கும் பிள்ளையின் அணுவும் தாய்க்குள் வந்து தங்கும். கவிநிலா முதல் வருடப் பாடத்தில் படித்ததுதான். மார்பில் தங்கும். பாலில் இறங்கும்.

அடுத்த நாள் தன்ஷிகாவை வரச் சொன்னாள். அன்று அலமேலுவுக்கும் மறுபரிசோதனை இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் பிரணவின் மடியில் உட்கார்ந்து பால் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஊதிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் கவிநிலா எல்லாவற்றையும் சொன்னாள். எந்த வார்த்தையில் சொல்வது என்று முந்தின நாள் முழுக்க யோசித்து வைத்திருந்தாள். சொல்லும்போது அதில் ஒன்றுகூட வரவில்லை. "உங்க பையன் அணுதான், தன்ஷிகா. உங்க உடம்பு வழியா வந்து பதினொரு பேருக்குள்ளயும் இருக்கான். தினம் ஒண்ணு ரெண்டாப் பிரிஞ்சு, தினம் புதுசா வளந்துட்டிருக்கான். அந்தப் பிள்ளைங்களுக்குப் பாலை ஏத்துக்கச் சொல்லிக்கொடுத்தது அவன்தான்."

தன்ஷிகா கண்ணாடிக்கு அருகில் போய் நின்றாள்.

"அவனுக்குச் சப்பிக் குடிக்கவே தெம்பு இல்லீங்க," என்றாள் மெதுவாக. "ஒம்பது நாளும் மூக்குல குழாய்தான். ஒரு வாய் பால்கூட அவனாக் குடிக்கலைங்க."

அந்தப் பக்கம் அலமேலு டம்ளரை உதட்டில் வைத்தாள். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. தன்ஷிகா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், டம்ளர் காலியாகும் வரைக்கும்.